தடைக்காலம் முடிவதற்குள்: பள்ளிக்கல்வித் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய பள்ளிக்கல்வித் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தின் வடகடல் கரையில், அதாவது பாக் நீரிணைப் பக்கத்தில், உள்ள ஓர் ஊரிலிருந்து எழுதுகிறேன். அரசு மேல்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன். இப்போது பள்ளி மேலாண்மைக் குழுவில் கல்வியாளர் உறுப்பினராக இருக்கிறேன். இம்மடலில் உள்ள கோரிக்கைகளில் ஒரு பகுதியைக் குழுவின் தீர்மானமாக ஏற்கெனவே அனுப்பியிருக்கிறோம். தீர்மானம் பதிவேறியதே தவிர, அதன்மேல் என்ன செய்யப்பட்டது என்று எவரும் சொல்லவில்லை. ஆகவே காரணங்களை விரித்து, எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டியதாயிற்று.

பத்தாம் வகுப்பு எழுதிய பையன்கள் படிப்பை விட்டுப் படகேறுவதைத் தடுக்க நான் கேட்பது ஆண்டில் ஒரே ஒரு மாதத்தைப் பற்றியது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிகிறது. முன்பு 45 நாட்களாக இருந்த இத்தடை 2017 முதல் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு 2024-இல் மே 10 அன்றும், 2025-இல் மே 16 அன்றும் வெளியானது. தேறாதவர்களுக்கான துணைத்தேர்வு 2024-இல் ஜூலை 2 அன்றும், 2025-இல் ஜூலை 4 அன்றும் தொடங்கியது. சென்னையில் இருந்து பார்த்தால் இவை வெவ்வேறு துறைகளின் வெவ்வேறு தேதிகள். கரையில் இருந்து பார்த்தால் இவை ஒரே வீட்டின் ஒரே நாட்காட்டி. ஒரு பாடத்தில் தவறிய பையன், முடிவு வந்த நாளிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதம் கரையில் சும்மா இருக்கிறான். துணைத்தேர்வு நடக்கும் நாளில் கடலில் இருக்கிறான். தேறிய பையனின் நிலையும் பெரிதாக வேறில்லை. பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை நடக்கும் அதே நாட்களில்தான் படகுகளுக்கும் ஆள் சேர்க்கிறார்கள்.

மே மாதக் கடைசியில் எங்கள் கரைக்கு வருபவர்களுக்கு இது எளிதாக விளங்கும். கரையேற்றிய படகுகளில் பலகை மாற்றுவார்கள், அடிப்பாகத்தைச் சுரண்டி வண்ணம் பூசுவார்கள், இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டுவார்கள், கொட்டகையில் வலையைப் பரப்பி அறுந்த கண்ணிகளைக் கோப்பார்கள். தேர்வு எழுதி முடித்த பையன்களுக்கு அங்கே வேலை உண்டு. உப்புத்தாள் தேய்ப்பது, வலை பின்னும் ஊசிகளில் நூல் ஏற்றி வரிசையாக அடுக்கிக் கொடுப்பது, தேநீர் வாங்கி வருவது போன்ற சிறு வேலைகள்தான். மாலையில் கையில் கொஞ்சம் காசு கிடைக்கும். ஜூன் முதல் வாரத்தில் படகு ஓட்டுநர் ஒருவர், "தடை முடிஞ்சதும் நம்ம போட்டுக்கு வர்றியாடா?" என்று கேட்பார். வீட்டுக்கும் ஒரு முன்பணம் போகும். தடை முடிந்த முதல் சில நாள் தொழிலில் இறால் நன்றாகப் படும் என்பதால் ஆள் தேவை மிகுதி. இரண்டு மாதம் வருமானம் இல்லாமல் கடன் வாங்கி ஓட்டிய வீட்டில் பணத்தேவையும் மிகுதி. இதில் யாரும் யாரையும் பிடித்து இழுத்துப் போவதில்லை. அதனால்தான் இதைத் தடுக்க ஒரு வழக்கோ ஒரு புகாரோ ஒருபோதும் எழுவதில்லை.

சட்டமும் இந்த இடத்தில் கைவிரிக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை உள்ளவர்களுக்குத்தான். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம், 2016-இல் திருத்தப்பட்ட பின்பு, பதினான்கு வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடுக்கிறது. பதினான்கிலிருந்து பதினெட்டு வரை ஆபத்தான தொழில்களை மட்டும் தடுக்கிறது. இரவு முழுவதும் கடலில் இழுவை வலை போடும் படகை அந்த ஆபத்தான தொழில்களில் சேர்ப்பதா வேண்டாமா என்று அலுவலர்கள் தயங்குவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆக, படிக்கவைக்கக் கட்டாயப்படுத்தும் சட்டமும் வேலைக்கு வைக்காதே என்று முழுமையாகச் சொல்லும் சட்டமும் ஒரே வயதில் முடிந்துவிடுகின்றன. பத்தாம் வகுப்பு எழுதும் பையனுக்கு வயது பதினைந்தோ பதினாறோ. அந்த இடைவெளியை நிரப்ப மீதி இருப்பது உங்கள் துறையின் நிர்வாக முடிவுகள் மட்டுமே.

பள்ளியை ஒரேயடியாக விட்டவர்களைப் பற்றி இவ்வளவு. விடாமலே விட்டவர்கள் இன்னொரு வகை. அவர்கள் உங்கள் கணக்கில் வருவதே இல்லை. பாக் நீரிணையில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாட்களும் நாட்டுப்படகுகள் மற்ற நாட்களிலும் தொழில் செய்வது நெடுங்கால ஏற்பாடு. ராமேஸ்வரத்தில் திங்கள், புதன், சனி ஆகியவை விசைப்படகு நாட்கள். அன்று புறப்படும் படகு மறுநாள் காலையில் கரை திரும்பும். பதினொன்றாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு நேரே திங்கள் வரவில்லை, செவ்வாய் பிற்பகல் மட்டும், புதன் வரவில்லை, வியாழன் பிற்பகல் மட்டும், வெள்ளி முழு நாள் என்று வாரத்துக்கு வாரம் ஒரே ஒழுங்கில் இருந்தால், அந்த மாணவனுக்கு உடல்நலமில்லை என்று கடற்கரை ஆசிரியர் எவரும் நினைக்கமாட்டார். செவ்வாய்க்கிழமை பிற்பகல் அவன் பேனாவைப் பிடிக்கும் விதத்திலேயே தெரிந்துவிடும். ஐஸ் தண்ணீரில் ஊறி விரல் நுனிகள் வெளுத்திருக்கும்; இறால் கொம்பு குத்திய இடங்கள் சிவந்து புள்ளிபுள்ளியாக இருக்கும். வடிவியலுக்குக் காம்பஸை ஊன்றச் சொன்னால் கட்டைவிரலை ஒதுக்கிக்கொண்டு மற்ற விரல்களால் பிடிப்பான். சிறிது நேரத்தில் மேசைமேல் தலை சாய்ந்துவிடும். எழுப்புவதா வேண்டாமா என்பதை ஆசிரியர் அவரவர் மனசாட்சிப்படி முடிவு செய்துகொள்வார்.

மாணவர் விவரங்களைச் சேர்த்துவைக்கும் உங்கள் துறையின் எமிஸ் கணினிப் பதிவில் இந்த மாணவன் நீண்ட நாள் வராதவர்கள் பட்டியலில் சேரமாட்டான். தொடர்ச்சியாக அவன் வராத நாட்கள் ஒன்றைத் தாண்டுவதில்லை; அதற்குள் அரைநாள் வந்துவிடுகிறான். இடைநிற்றலை அளக்க நாம் வைத்திருக்கும் கருவி, வீட்டைவிட்டே போய்விட்ட பிள்ளையைக் கண்டுபிடிக்க உதவும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் மாணவனாக இருப்பவனைக் கண்டுபிடிக்க உதவாது. வருகையைத் தொடர்ச்சியாக எண்ணுவதோடு கிழமை வாரியாகவும் எண்ணினால், கடற்கரைப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் இத்தகையவர் யார் யார் என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். தரவு உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக ஆசிரியர்களிடம் எந்தப் படிவத்தையும் நிரப்பச் சொல்ல வேண்டியதில்லை. (அவர்கள் நிரப்பும் படிவங்கள் போதும்.)

மாவட்டத்தின் சராசரியைக் காட்டி இதை மறுக்க முடியும் என்பதை அறிவேன். 2024 பத்தாம் வகுப்புத் தேர்வில் 96.36 சதவீதத்துடன் ராமநாதபுரம் மாநிலத்திலேயே மூன்றாம் இடம் பெற்றது. 2018-இல் நிதி ஆயோக் வெளியிட்ட முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற இரண்டில் ஒன்று எங்கள் மாவட்டம் என்பதை வைத்துப் பார்த்தால், அது சிறிய சாதனை இல்லை. அதில் உழைத்த ஆசிரியர்களில் பலர் என் நண்பர்கள். ஆனால் அந்தச் சதவீதம் தேர்வறைக்கு வந்தவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதைச் சொல்கிறது. பெயர் பதிந்தும் தேர்வறைக்கு வராதவர்களைப் பற்றி அது பேசவில்லை. தேறியவர்களில் எத்தனை பேர் அந்த ஜூன் மாதமே பதினொன்றாம் வகுப்பில் உட்கார்ந்தார்கள் என்பதையும் அது பேசவில்லை. பரமக்குடி, முதுகுளத்தூர்ப் பக்கத்து உள்நாட்டுப் பள்ளிகளையும் கடற்கரைப் பள்ளிகளையும் ஒன்றாகக் கூட்டி வகுத்த எண் அது. பத்திலிருந்து பதினொன்றுக்குச் சென்றவர்களின் விவரத்தைக் குடியிருப்பு வாரியாக, ஆண் பெண் தனித்தனியாக வெளியிடுங்கள் என்பது என் முதல் வேண்டுகோள். தேர்ச்சி விகிதத்தை வெளியிட ஒரு நாள் குறித்து அமைச்சரே அறிவிக்கும் மாநிலத்தில், சேர்க்கை விகிதத்தை வெளியிட ஒரு நாள் குறிப்பது கடினமாக இராது.

ஆண் பெண் தனித்தனியாக என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கடற்கரையில் பெண் பிள்ளைகள் பன்னிரண்டு வரை படிப்பது இப்போது பெரும்பாலும் இயல்பாகிவிட்டது. 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், அதற்கு முன்பே வந்த கட்டணமில்லாப் பேருந்துப் பயணமும் அதற்கு உதவியிருக்கின்றன. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில்தான் தொடங்கியது. அதன் ஆயிரம் ரூபாயும் கல்லூரிக்குள் நுழைந்த பிறகு கிடைப்பது. பதினாறு வயதில் கடலுக்குப் போனவனுக்கு அது எப்படிப் பயன்படும்? பள்ளியில் தங்குவதற்கு உதவி தேவைப்படும் இரண்டு ஆண்டுகளில் அவனுக்கு மிதிவண்டி, பாடநூல் போன்றவை தவிரப் பெரிதாக வேறு இல்லை.

மாநிலத்தில் கல்வி பற்றிய வாதங்கள் குறைவில்லை. நீட் தேர்வு வேண்டுமா, மூன்றாவது மொழி வேண்டுமா, மத்திய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடலாமா என்பவை பற்றி எனக்கும் கருத்து உண்டு. அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். 2020-இல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டால் அரசுப் பள்ளி மாணவர்கள் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறார்கள் என்பது உண்மை, பெருமைக்குரியது. ஆனால் உயிரியல் பாடப்பிரிவு உள்ள பள்ளிக்குப் போகப் பேருந்து இல்லாத ஊரில், அல்லது பாடப்பிரிவு இருந்தும் இயற்பியலுக்கு ஆண்டில் பாதி நாள் ஆசிரியர் இல்லாத பள்ளியில், நீட் பற்றிய கேள்வி எழுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே விடை எழுதப்பட்டுவிடுகிறது. மத்திய அரசின் பள்ளிக்கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் நிதி விவகாரமும் எங்களுக்குத் தொலைவில் நடக்கும் சண்டை இல்லை. 2024-25-ஆம் ஆண்டுக்கான 2,152 கோடி ரூபாய் நிறுத்திவைக்கப்பட்டு, தமிழ்நாடு அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பள்ளி செல்லாப் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்சியும், தொலைதூரக் குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கான போக்குவரத்து உதவியும் அந்தத் திட்டத்தின் தலைப்புகளில்தான் வருகின்றன. டெல்லிக்கும் சென்னைக்கும் இடையே யார் சொல்வது சரி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அதுவரை எந்தத் தலைப்பில் வெட்டுவது, எதில் வெட்டக்கூடாது என்று முடிவெடுப்பது உங்கள் அலுவலகம். கடற்கரை மாவட்டங்களில் இந்த இரண்டையும் தொடாதீர்கள்.

போக்குவரத்தைப் பற்றி இன்னும் சிறிது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து ஓடுகிறது. ஊர்கள் சாலையில் இல்லை. காரங்காடு, முள்ளிமுனை போன்ற ஊர்கள் சாலையை விட்டுக் கடலை நோக்கி உள்ளே தள்ளி இருக்கின்றன. மேல்நிலைப் பள்ளி ஏழு முதல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற அளவுகோல் வரைபடத்தில் நிறைவேறியிருக்கலாம். ஊருக்குள் வரும் ஒரே பேருந்து காலை வகுப்பு தொடங்கிய பின்பு வந்து சேர்ந்தால், அந்தக் கிலோமீட்டருக்கு என்ன மதிப்பு? பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றபின், புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்படும் வரை, தீவிலிருந்து வெளியே படிக்கச் சென்றவர்களுக்குச் சாலைப் பாலம் ஒன்றே வழியாக இருந்தது. தடைக்காலத்துக்கும் பருவமழைக்கும் நடுவில் அன்றாடம் காசு எண்ணும் வீட்டில், தினமும் இரண்டு பேருந்து மாறிப் போகும் படிப்பை விட்டுவிடச் சொல்ல யாரும் வேண்டியதில்லை. பள்ளி நேரத்துக்குப் பேருந்து விடுவது உங்கள் துறையின் வேலை இல்லை என்பது தெரியும். ஆனால் எந்த ஊரிலிருந்து எத்தனை மாணவர்கள் எந்தப் பள்ளிக்கு வருகிறார்கள் என்ற பட்டியலை ஜூன் மாதத்துக்கு முன்பே போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுக்கக்கூடிய ஒரே துறை உங்களுடையது.

இந்த மாவட்டத்தில் கல்வி பற்றிய எந்த விழாவும் அப்துல் கலாமின் பெயர் சொல்லாமல் முடிவதில்லை. நானும் ஆண்டுதோறும் அந்த மேடைகளில் உட்கார்ந்திருந்தவன்தான். மேடையில் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு: ராமேஸ்வரத்தில் தொடக்கக் கல்வியை முடித்தபின், உயர்நிலைக் கல்விக்கு அவர் தீவை விட்டு ராமநாதபுரத்தில் ஸ்வார்ட்ஸ் பள்ளிக்குப் போய்த் தங்கிப் படித்தார். தங்க ஓர் இடம் இருந்ததால் படிப்பு தொடர்ந்தது. இன்று அரசு விடுதிகள் பல துறைகளின் கீழ் இருக்கின்றன. 2025 ஜூலையில் அவை எல்லாவற்றுக்கும் சமூக நீதி விடுதிகள் என்ற பொதுப்பெயர் வைக்கப்பட்டது. பெயர் ஒன்றானதைப் போல் சேர்க்கைத் தேதியும் ஒன்றாகி, அதுவும் ஜூன் 14-க்கு முன்னால் வரவேண்டும். பள்ளி திறந்து வாரக்கணக்கில் கழித்து "இடம் இருக்கிறது, வா" என்று விடுதி சொல்லும்போது, பையன் ஏற்கெனவே முதல் பங்கை வாங்கி வீட்டில் கொடுத்திருப்பான். அந்தப் பணத்தை விட்டுத் திரும்பி வா என்று அம்மாவிடம் போய்ச் சொல்ல எந்த ஆசிரியருக்கும் வாய் வராது.

தென்கடல் பக்கத்துக்கு நான் சொல்வது அப்படியே பொருந்தாது என்பதையும் எழுத வேண்டும். வேதாளையிலிருந்து கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் வரை மன்னார் வளைகுடாவை ஒட்டிய ஊர்களில் நாட்டுப்படகும் வல்லமுமே மிகுதி. அவற்றுக்கு 61 நாள் தடை விசைப்படகுகளுக்குப் போலப் பொருந்துவதில்லை. அங்கே பையன் வேறு ஒருவரின் படகுக்குக் கூலியாகப் போவதைவிட அப்பாவோடும் சித்தப்பாவோடும் போவதே அதிகம். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று கடுமையாகும்போது படகுகளை வடகடல் பக்கம் கொண்டு வருவார்கள். சில வீடுகளில் பிள்ளைகளும் உடன் வந்துவிடுவார்கள். அவர்களுக்குத் தேவை, மாற்றுச் சான்றிதழ் கேட்காமல் அந்தச் சில மாதங்கள் அருகிலுள்ள பள்ளியில் உட்கார அனுமதியும், அந்த வருகை சொந்தப் பள்ளியின் கணக்கில் ஏறும் வசதியும். வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக நாம் யோசித்ததை நம் மாவட்டத்துக்குள்ளேயே இடம் மாறும் பிள்ளைகளுக்கும் யோசிக்கலாம்.

"மீனவன் மகன் மீனவனாக இருந்தால் என்ன குறை?" என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் ஊர்ப் பெரியவர்களே கேட்கிறார்கள், நியாயமாகத்தான் கேட்கிறார்கள். கடல் தொழிலை இழிவாகப் பேசி ஒரு பையனைப் பள்ளிக்கு அழைக்கும் ஆசிரியரை நான் மதிப்பதில்லை. ஆனால் எந்தக் கடல் தொழில் என்று பார்க்க வேண்டும். பாக் நீரிணையில் இழுவைப் படகுகளைக் குறைத்து, ஆழ்கடல் மீன்பிடிப் படகுகளாக மாற்ற வேண்டும் என்று அரசே முடிவு செய்து, 2017-இல் மூன்று ஆண்டுகளில் 2,000 படகுகள் என்ற இலக்கோடு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. இலக்கு எட்டப்படவில்லை, ஆனால் கொள்கை கைவிடப்படவும் இல்லை. இலங்கை 2018-இல் தன் சட்டத்தைத் திருத்தி, அத்துமீறும் வெளிநாட்டுப் படகுகளுக்கு அபராதத்தைப் பல மடங்கு உயர்த்தியது. இரண்டாம் முறை பிடிபட்டவர்களுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்படுகிறது. ஒரு துறை படிப்படியாகக் குறைக்க நினைக்கும் தொழிலில், இன்னொரு துறையின் மாணவன் பதினாறு வயதில் புதிதாகச் சேர்கிறான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பதினெட்டு வயதில் அவன் கடலைத் தேர்ந்தெடுத்தால் அவனை வாழ்த்தி அனுப்ப நானே வருவேன்.

அப்பா இலங்கைச் சிறையில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். படகு பிடிபட்ட செய்தி விடியும் முன்பே ஊருக்குத் தெரியும். மீன்வளத் துறை அலுவலகத்துக்கு அன்றே பெயர்ப் பட்டியல் வந்துவிடும். பள்ளிக்கு மட்டும் வராது. மூத்த பையன் நாட்டுப்படகுக்குப் போகத் தொடங்கி, வகுப்பாசிரியர் வீடு தேடிப்போகும்போதுதான் அது பள்ளிக்குத் தெரிகிறது. சில வேளைகளில் பிடிபட்டவர்களுக்குள்ளேயே பதினெட்டு வயது நிறையாதவர்கள் இருந்த செய்திகளையும் பார்த்திருக்கிறோம். மீன்வளத் துறையின் பட்டியல் அன்றே மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கும், அங்கிருந்து தலைமையாசிரியருக்கும் வரட்டும். தலைமையாசிரியர் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். அந்த வாரத் தேர்வைத் தள்ளி எழுத விடுவதும், வராத நாட்களுக்குப் பெற்றோர் கையெழுத்துக் கேட்டு அந்த அம்மாவை அலையவிடாமல் இருப்பதும், கட்டணம் எதையும் அந்த மாதம் கேட்காமல் இருப்பதும் போதும். சென்ற ஆண்டு என் தெருவில் ஒரு பெண், கணவரின் காவல் நீட்டிக்கப்பட்டதா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டே, மறுகையில் மகளின் திட்ட ஏட்டுக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் அந்த ஏட்டைத் தாமதம் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். அந்த ஆசிரியருக்கு விவரம் தெரிந்திருந்தால் திருப்பி அனுப்பியிருக்கமாட்டார்.

தடைக்கால நிவாரணமான 8,000 ரூபாயைப் பிள்ளைகளின் பள்ளி வருகையோடு இணைத்துவிடலாம் என்று ஒரு கூட்டத்தில் அலுவலர் ஒருவர் யோசனை சொன்னார். அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். இரண்டு மாதம் படகைக் கட்டிவைத்ததற்காகத் தரும் தொகை அது. மீன் வளம் பெருக அந்தக் குடும்பம் ஏற்றுக்கொண்ட இழப்புக்கான ஈடு. அதைப் பிடித்து வைத்தால் அந்த வீட்டுக்கு முன்பணத்தின் தேவை கூடும், பையன் இன்னும் ஒரு வாரம் முன்னதாகப் படகில் ஏறுவான்.

இனி நான் கேட்பவை. பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாளே, தவறியவர்களுக்கான வகுப்பு பள்ளியில் அல்லாமல் ஊரிலேயே தொடங்க வேண்டும். தேவாலய மண்டபம், ஜமாஅத் கட்டடம், மீனவர் சங்க அலுவலகம் எதுவானாலும் இடம் கிடைக்கும். மாலை நேரம் போதும், ஏனெனில் பகலில் பையன்கள் படகு வேலையில் இருப்பார்கள். மாலை நேரத்தில் ஊரிலேயே பாடம் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் 2021 முதல் பணியாற்றிய தன்னார்வலர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் இருக்கிறோம். தவறியவர்களில் பெரும்பாலோர் ஒரு பாடத்திலோ இரண்டிலோ தவறியவர்கள். கணிதத்தில் 28 எடுத்தவனுக்கு வேண்டியது ஏழு மதிப்பெண். வரைபடம், வடிவியல் வரைதல் ஆகிய இரண்டு வினாக்களை ஒழுங்காகப் பழகினால் அது வந்துவிடும். முப்பது மாலைகள் அதற்குத் தாராளம். இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

துணைத்தேர்வை ஜூன் 14-க்கு முன்பே நடத்த முடிந்தால் மிக நன்று. வினாத்தாள் அச்சடிப்பு, மையங்கள், மறுகூட்டல் ஆகியவற்றுக்கு நாட்கள் தேவை என்பதால் அது இந்த ஆண்டே நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதற்கு மாற்றாக ஒன்று உண்டு. துணைத்தேர்வில் ஒவ்வொரு பாடமும் ஒவ்வொரு நாள். ஒரு பாடம் தவறியவன் அந்த ஒரு நாள் கரையில் இருந்தால் போதும். நுழைவுச்சீட்டு பெற்றவர்களின் பெயரையும் தேர்வு நாளையும் ஊர் வாரியாக விசைப்படகு உரிமையாளர் சங்கங்களுக்கு அனுப்புங்கள். படகு உரிமையாளர்களைக் கொடியவர்களாக நினைக்க வேண்டாம். அவர்கள் பிள்ளைகளும் இதே பள்ளிகளில் படித்தவர்கள். தேர்வுக்குப் போகிறவனை முந்தின நாள் படகில் ஏற்றாதே என்று சங்கம் சொன்னால் ஓட்டுநர் கேட்பார். தொண்டி, பாம்பன் போன்ற ஊர்களிலேயே தேர்வு மையமும் அமைந்தால் மாணவன் விடிகாலையில் பேருந்துக்கு ஓட வேண்டியிராது.

விசைப்படகு கடலுக்குப் போகுமுன் மீன்வளத் துறையிடம் டோக்கன் பெறுகிறது. படகில் போகிறவர்களுக்கு அடையாள அட்டை வேண்டும். பதினெட்டு வயது நிறையாதவர் பெயர் இருந்தால் டோக்கன் இல்லை என்ற ஒரு வரி உத்தரவை மீன்வளத் துறை பிறப்பிக்கும்படி நீங்கள் கேட்க வேண்டும். டோக்கன் கொடுக்கும் மேசையில் இந்தச் சரிபார்ப்பு நடந்தால், வகுப்பறையில் நடக்க வேண்டிய பாதிக் கெஞ்சல் மிச்சம். உத்தரவு வந்தாலும் பெயர் எழுதாமல் ஏற்றிச் செல்பவர்கள் சிலர் இருப்பார்கள். அதற்காக உத்தரவே வேண்டாம் என்பது சரியாகாது.

பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையைப் பொறுத்தவரை, கடற்கரைப் பள்ளிகளின் பத்தாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரின் பெயருக்கு நேரேயும் அவர் எங்கே சேர்ந்தார் என்ற விவரம் ஜூன் 14 அன்று மாலைக்குள் நிரப்பப்பட வேண்டும். நிரம்பாத பெயர்களை அன்றே பள்ளி மேலாண்மைக் குழுவிடம் கொடுங்கள். குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. எந்த வீட்டுக்கு யார் போனால் பேச்சு எடுபடும் என்பது அவர்களுக்குத் தெரியும். பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 முதல் கைவிடப்பட்டதால், சேர்ந்த முதல் ஆண்டிலேயே தோற்றுவிடுவோம் என்ற அச்சம் இப்போது இல்லை என்பதையும் அந்த வீடுகளில் சொல்ல முடியும். அது உங்கள் துறை எடுத்த நல்ல முடிவு. அதன் பயன் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே கிடைக்கும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய நிதி தேவையில்லை. மூன்று துறைகள் ஒரே மேசையில் ஒரு முறை உட்கார வேண்டும். ஏப்ரல் 15-க்கு முன்பு உங்கள் உத்தரவு மாவட்டத்துக்கு வந்தால், அந்த ஆண்டு மே மாதத்திலேயே நாங்கள் வகுப்பைத் தொடங்கிவிடுவோம். மே மாதக் கடைசியில் வந்தால், அதற்கடுத்த ஆண்டுக்குத்தான் பயன்படும். உங்கள் அலுவலகத்திலிருந்து யாராவது நேரில் வந்து பார்க்க விரும்பினால், தடைக்காலத்தின் கடைசி வாரத்தில் வரும்படி கேட்டுக்கொள்கிறேன். அப்போது எல்லாப் பையன்களும் கரையில் இருப்பார்கள். ஒவ்வொருவரிடமும் நேரடியாகவே கேட்டுக்கொள்ளலாம்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
வடகடல் கரை, ராமநாதபுரம் மாவட்டம்.

நகல்: மாவட்ட ஆட்சித் தலைவர், ராமநாதபுரம், மீன்வளத் துறை இயக்குநர், சென்னை, மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர், ராமநாதபுரம், விசைப்படகு உரிமையாளர் சங்கங்கள்.